ஏழாம் அத்தியாயத்தில் நான் எழுதிய பொய்

என் முகாம் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம் பொய். சாக்குப்பையை முகத்தில் மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்ற ஓர் இளைஞனைப் பார்த்துத் தலையசைத்து, அவனைச் சாவுக்கு அனுப்பியவர் ஆறுமுகம் என்று, பெயரை மட்டும் மாற்றி, அதில் எழுதியிருக்கிறேன். ஆறுமுகம் அல்ல. நான்!

சொல்லிவிட்டேன். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன்... ஆகவில்லை.

நீங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கலாம். படிக்காவிட்டாலும் பாதகமில்லை, நடந்ததை இங்கே சொல்கிறேன்.

இலங்கையில் போர் முடிந்த சமயம். வன்னியிலிருந்து வெளியேறி வந்த எங்களை ராணுவத்தார் முள்வேலிக்குள் அடைத்து வைத்தார்கள். என் மனைவி வழியிலேயே ஷெல் விழுந்து இறந்துபோயிருந்தாள். எனக்கு மிச்சமிருந்தது மூன்று வயது மலர் மட்டும்.

பக்கத்துக் கூடாரத்தில் ஆறுமுகம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்குக் குடிபெயர்ந்தவர். மர ஆலையில் இடக்கை விரல்கள் இரண்டை இழந்தவர். மனைவியையும் மகனையும் முன்பே படகேற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். அதற்கடுத்த கூடாரத்தில் யோகன். இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. அவனை இயக்கத்தார் வீட்டிலிருந்து இழுத்துப்போய்க் கையில் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். சில வாரங்களிலேயே தப்பி ஓடிவந்துவிட்டான். இதை எங்கள் இருவரிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

மலருக்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் அவள் கண்கள் குழிக்குள் போய்விட்டன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. ஆறுமுகம் தன் பங்குத் தண்ணீரில் பாதியை எங்கள் கேனில் ஊற்றினார்.

"எனக்கு எதுக்குங்க இம்புட்டு? புள்ளைக்குக் குடுங்க."

வெளியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். கேட்கப் போன இடத்தில் அதிகாரி சொன்னார், உன் பக்கத்தில் ஆயுதம் தூக்கியவன் ஒருவனாவது இருப்பான், அவனைக் காட்டு, சாயங்காலத்துக்குள் உன் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று.

ஒரு நாள் யோசித்தேனா? ஒரு மணி நேரமாவது? இல்லை. நின்ற இடத்திலேயே சரி என்றேன்.

உச்சி வெயில். ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். என் முகத்தில் சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். ஒவ்வொருவராக என் முன்னால் வந்து நின்று நகர்ந்தார்கள். யோகன் வந்தான். தலையை ஒருமுறை அசைத்தேன்... அவ்வளவுதான். அவன் திரும்பி வரவேயில்லை.

மலர் பிழைத்தாள்.

ஆறுமுகத்துக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தை மூடியவர்கள் என் காலை மூடவில்லை. அறுந்த வாரைச் சணலால் கட்டிப் போட்டிருந்த என் செருப்பை அவர் தினமும் பார்த்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"புள்ள பொழைச்சுக்குமா?"

"பொழைச்சுக்கும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் என்னோடு பேசவில்லை. ஆனால், என்னைப் பற்றி எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. இரண்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார்.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் என்னை மன்னிக்கக்கூடும். பெற்றவன்தானே, பிள்ளைக்காகச் செய்தான் என்று இரங்கக்கூடும். அவசரப்படாதீர்கள்!

முகாமைவிட்டு வெளியே வந்து, இந்தியாவுக்கு வந்து, பல இடங்களில் அலைந்த பிறகு மலைமேல் இருக்கும் வட்டக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. சீசன் இல்லாத மழை மாதங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். அப்போதுதான் எழுதத் தொடங்கினேன். கைப்பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் போனில் கூப்பிட்டார்.

"சார், காட்டிக்கொடுத்தது யாருன்னு சொல்லாம விட்டா, வாசகனுக்கு அது தொண்டையிலயே நிக்கும். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அன்றே எழுதி முடித்தேன். ஆறுமுகம் என்ற பெயரை மாற்றினேன், விரல்களை மாற்றவில்லை. இரண்டு விரல் இல்லாத ஒரு மனிதர், ஒரு வேளைச் சோற்றுக்காகத் தலையசைத்தார் என்று எழுதினேன். சாக்குக்குள் மூச்சு முட்டுவதை எழுதினேன், சணல் நாற்றத்தை எழுதினேன். கடைசியில், 'அவரை நான் வெறுக்கவில்லை. அந்த வேலிக்குள் அவர் நிலையில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்' என்று முடித்தேன்.

அந்த வரியைப் புகழாதவர்கள் இல்லை. குற்றவாளியையும் மனிதனாகப் பார்த்த பெருந்தன்மை என்றார்கள். கல்லூரிகளில் அந்த அத்தியாயத்தை வைத்துக் கூட்டம் போட்டார்கள். முகாமில் அறம் சாத்தியமா என்று மாணவர்கள் கேட்டார்கள். நான் மேடையேறி, பதில் சொன்னேன்!

முகாமில் என்னை நெருக்கியது பிள்ளையின் உயிர். எழுதும் மேசையில் என்னை நெருக்கியது எது? வயிறு நிறைந்திருந்தது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. மலர் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு ஒரு செத்த மனிதர் தேவைப்பட்டார்... ஏன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

போன வருடம் ஒரு மதியம் அவர் மனைவி வந்து நின்றாள். லெட்சுமி என்று பெயர் சொன்னாள். கையில் ஒரு பை ஆரஞ்சு.

"பெரும்பாறையில காப்பித் தோட்டத்துல வேலைங்க ஐயா. வெள்ளனே பஸ் ஏறுனேன். அந்த முகாமுல இருந்த ஆளு ஒருத்தரு எங்க லயத்து வீட்டுக்குப் பக்கத்துல குடி இருக்காரு. உங்க பொஸ்தகத்த வாசிச்சுட்டு, ரெண்டு வெரல் இல்லாதவன்னா அது ஆறுமுகம்தான்னு சொல்லிப்புட்டாரு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுங்க. எம் மகன் அப்பா போட்டோவக் கழட்டிப் பொட்டிக்குள்ள போட்டுட்டான். அவரு பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிர்றான். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா? அவருதானா?"

ஒரே ஒரு சொல் போதும். இல்லை! அதற்குமேல் எதையும் அவள் கேட்டிருக்கமாட்டாள்.

சமையலறை வாசலில் மலர் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். தன் உயிருக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று தெரியாமலே வளர்ந்த பெண். அவளைக் காரணம் சொல்லாதே என்கிறீர்களா? சரி. அவளும் காரணம் இல்லை. பயந்தேன்.

"அவருதாம்மா" என்றேன்.

லெட்சுமி அழவில்லை. ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்தாள். பிறகு, நான் தடுப்பதற்குள் குனிந்து என் காலைத் தொட்டாள்.

"அந்தப் பையனப் பெத்தவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்டயே கேட்டுக்குறேன். எங்க வீட்டு ஆளு செஞ்சதுக்கு மன்னிச்சிருங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மன்னிச்சாச்சும்மா. எந்திரிங்க."

அவள் போன பிறகு மலர் சொன்னாள், "பாவம்ப்பா. அந்த ஆளு பண்ணுனதுக்கு இவங்க என்ன செய்வாங்க?"

அந்த ஆள்! அவர் ஊற்றிய தண்ணீரைக் குடித்து உயிர் தரித்தவள் சொல்கிறாள், அந்த ஆள்... நான் தேநீரைக் குடித்தேன்.

இந்தத் தை மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. லெட்சுமியின் மகனுக்குக் கல்யாணம். மணமகனின் பெற்றோர் என்ற இடத்தில் அம்மா பெயர் மட்டும் இருந்தது. காலஞ்சென்ற என்று போட்டாவது அந்தப் பெயரை அச்சடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மலரும் கூடவே வருவேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கோயிலில்தான் கல்யாணம். லெட்சுமியைத் தனியே கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க ஐயா. தாலி எடுத்துக் குடுக்க எங்க பக்கம் பெரிய ஆம்பள யாரும் இல்ல. அவரு எடம் சும்மா கெடக்கு. நீங்க வந்து நில்லுங்க. வெரசா வாங்க, நேரமாச்சு."

மகன் மணவறையிலிருந்து என்னைப் பார்த்தான். ஆறுமுகத்தின் அதே அகன்ற நெற்றி. "வாங்கய்யா" என்றான்.

சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் நடுவே, மேளச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி, சொல்லியிருக்க வேண்டும்...

நின்றேன். தாலியை எடுத்துக் கொடுத்தேன். இருவரும் காலில் விழுந்தார்கள். நெற்றியில் திருநீறு பூசினேன். மலர் செல்போனில் படம் எடுத்தாள்.

லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"அவரு உசுரோட இருந்திருந்தாலும் எம் மகன் அவரு கால்ல விழுந்திருக்க மாட்டாங்கய்யா. நீங்க இருக்கீங்களே... எனக்கு அது போதும்."

பந்தியில் எனக்குத்தான் முதல் இலை போட்டார்கள். உட்கார்ந்து, சாப்பிட்டேன்.