சக்கரபாணி புறாவைக் குளிப்பாட்டிய கதை

சக்கரபாணியோடு விருந்துக்குப் போனால் நம் மானம்தான் போகும். பந்தியில் எல்லோரும் கறியைத் தேடினால், அவர் கோழியின் தோள் எலும்பை உடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "பாத்தியா, உள்ள வெறும் காத்து. குறுக்கால சின்னச் சின்னதா முட்டு குடுத்திருக்குது. எடையும் கொறைவு, சீக்கிரத்துல ஒடையாது. நம்ம பொம்மையும் இப்டித்தான்" என்பார். பக்கத்து இலைக்காரர் சற்றே நகர்ந்து உட்காருவார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில் அச்சு வார்ப்பது அவர் வேலை. களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, ஓரத்தில் மண் கெட்டியாகப் பிடித்ததும் மீதியைக் கவிழ்த்துவிடுவார். உள்ளே வெற்றாகப் பொம்மை நிற்கும். காய்ந்ததும் ஈரப் பஞ்சால் துடைப்பார். துளி தூசி இருந்தாலும் மேல்பூச்சு ஒட்டாதாம். ஆனால் வீட்டுக்கு வரும்போது தலை முதல் கால் வரை வெள்ளையாகத்தான் வருவார். குளிக்காமல் வாசற்படி தாண்ட மனைவி வேல்விழி விடமாட்டாள்.

அந்த வேல்விழி போன பங்குனியில் கறாராகச் சொல்லிவிட்டாள். மாடி முழுக்கப் புறாக்கூண்டு, வடாம் காயவைக்க இடமில்லை.

"மங்கலம்பேட்டையில விட்டா, நான் வெளக்கு வைக்கறதுக்குள்ள உங்க ராணி வூடு வந்து சேரட்டும். இல்லன்னா கூண்டோட எல்லாம் சந்தைக்குத்தான்."

வீறாப்பாகச் சம்மதித்துவிட்டு, என்னிடம் வந்து கண்கலங்கினார். ராணிப் புறா போனால் அவருக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காலை ராணியைக் கையில் எடுத்தார். விரலெல்லாம் வெள்ளைப் பொடி. பட்டறைத் தூசி என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். ஷாம்பு போட்டு, ஈரப் பஞ்சால் வாலிலிருந்து தலைவரை அழுத்தித் தேய்த்தார். உலர்த்தி, நண்பர் ஜெயராஜின் பைக்கில் அனுப்பிவைத்தார்.

மங்கலம்பேட்டையில் கோடைத் தூறல். ஜெயராஜிடமிருந்து போன் வந்தது.

"யோவ், நாலு கடைகூடத் தாண்டல. தொப்பலா நனைஞ்சு ஒரு பந்தல் மேல வுழுந்து கெடக்குது. என்னய்யா செஞ்ச?"

"ஒண்ணுமில்ல, தூசியத் தொடச்சேன்."

"அது தூசியா? புறா ஒடம்புலயே ஊறுற பொடிய்யா அது! தண்ணிய ஒட்டவிடாது. இறகுல இழைக்கு இழை கொக்கி இருக்குது, ஜிப்பு கணக்கா. எதுத்துத் தேச்சு எல்லாத்தையும் பிரிச்சு வச்சிருக்க. காத்து பூந்து போவுது. எலும்பு லேசா இருந்து என்னா பிரயோசனம்?"

சக்கரபாணி மாடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வெயில் வந்தது. ராணி ஒவ்வொரு இறகாக அலகில் கவ்வி இழுத்து நீவிக்கொண்டிருப்பதாக ஜெயராஜ் சொன்னார். நீவ நீவக் கொக்கிகள் மறுபடி மாட்டிக்கொள்ளுமாம். அப்புறம் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். வானத்தையே பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பொழுது சாய்ந்தது. கீழே வேல்விழி விளக்கைத் துடைத்தாள். திரி போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, "எண்ணெ தீந்துபோச்சு, கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள். தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியிருந்த நான், அலமாரியில் எண்ணெய்ப் பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்ததைப் பார்த்தேன்.

அவள் தெருமுனையிலிருந்து திரும்பவும் ராணி வந்து கூண்டின் மேல் இறங்கவும் சரியாக இருந்தது.

சக்கரபாணி ராணியை மார்போடு அணைத்தபடி கீழே ஓடிவந்து வாசற்படியில் கால் வைத்தார். "வேலு, ஒடம்புல வெள்ளையா இருக்கறதெல்லாம் தூசி இல்லடி!"

"அது ராணிக்கு. நீங்க போய்க் குளிங்க" என்றாள் வேல்விழி, விளக்கை ஏற்றிக்கொண்டே.