பலவகை ஏழு

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் நித்யா சமையலறையில் உட்கார்ந்து உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டே போனில் பாட்டுப் போட்டாள். ஏதோ ஒரு பாட்டுப் பட்டியலாம். மேலே வானவில் நிறத்தில் ஒரு படம். ஆணை விரும்பிய ஆண்களும் பெண்ணை விரும்பிய பெண்களும், ஆண் பெண் என்ற இரண்டு பெட்டியிலும் அடங்காதவர்களும் பாடிய பாட்டுகள், இல்லாவிட்டால் யாரோ பாடி இவர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்ட பாட்டுகள், ஐம்பது அறுபது வருடத்துக்குரியவை ஒரே இடத்தில் இருக்கின்றனவாம். இதை அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அத்தை திடுக்கிட்டுப் போவாள் என்று பயம். நான் வெங்காயம் வெட்டியபடியே இரண்டாவது பாட்டில் அடுத்த வரியைப் பாடினேன். ஐந்தாவது பாட்டில் எந்த இடத்தில் கைதட்டல் வரும் என்பதைப் பலகையில் கத்தியால் தட்டிக் காட்டினேன்.

"அத்தை, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேல பாத்த எடத்துல கேட்டதுதான். நீ உள்ளிய உரி."

உங்களிடம் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. ஆகவே சொல்கிறேன்.

எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் பாட்டு ஞாபகம் வரும். ஊசி போடுமுன் கையில் பஞ்சால் ஸ்பிரிட் தடவுவார்களே, அந்த வாசனை. கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், கேட்ட பாட்டுகளைக் கசெட்டில் பதிந்து கொடுக்கும் எங்கள் ரெக்கோடிங் பாரில் காலையில் முதல் வேலை, பஞ்சில் ஸ்பிரிட் தோய்த்துக் கசெட் டெக்குகளின் தலையைத் துடைப்பது. ஒன்பது மணிக்கே கடை முழுக்க ஆஸ்பத்திரி மணக்கும். நோயாளிகளுக்குப் பதிலாகப் பாட்டுப் பைத்தியங்கள் வந்து வரிசையில் நிற்பார்கள்.

தமிழர்களைத் தேடி அடித்த எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இசை ஞானம் பார்த்து யாரும் என்னை எடுக்கவில்லை. வீட்டில் நான் பாடினால் அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். என் மூலதனம் கையெழுத்து மட்டும்தான். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் அச்சடித்தது போல எழுதுவேன். கசெட் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் பாட்டுப் பெயர்களை எழுதுவதுதான் உத்தியோகம்.

கசெட்டில் பாட்டை ஏற்றுவது சபேசன் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது முப்பது வயது இருக்கும். தாடியைச் சீராக வெட்டி, சட்டைக் கையை இரண்டே மடிப்பு மடித்திருப்பார். ஆட்கள் வேண்டிய பாட்டுகளைக் கடதாசியில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தொண்ணூறு நிமிடக் கசெட் என்றால் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். கேட்ட பாட்டெல்லாம் ஏற்றிய பிறகு பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ நாடா மிஞ்சும். மற்றக் கடைகளில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். சபேசன் அண்ணன் விடமாட்டார்.

"வெறும் நாடா குடுக்கக் கூடாது பிள்ளை. பாட்டைக் கேட்டுக்கொண்டு இருக்கிற சனம் திடீரெண்டு ஒண்டும் கேக்காட்டி என்ன செய்யும்?"

அந்த மிச்சத்தில் அவர் தன் விருப்பப் பாட்டு ஒன்றைப் போடுவார். கேட்டது பக்திப் பாட்டாக இருந்தாலும் கல்யாண வீட்டு பைலா ஆட்டப் பாட்டாக இருந்தாலும் கடைசியில் வருவது சபேசன் அண்ணனின் பாட்டு. கம்பளையிலிருந்து வந்து கடவுள் பாட்டுகள் பதிவுசெய்து கொண்டுபோன ஒரு பெரியவர், கடைசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் உறுமுகிறான் என்று குடையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். அடுத்த மாதம் அதே உறுமலை மட்டும் இன்னொரு தடவை பதிந்து கொண்டுபோனார். மகளுக்காம்.

அந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் யார் என்று சபேசன் அண்ணனுக்குத் தெரியும். நடைபாதையில் விற்கும் பழைய இங்கிலீஷ் சஞ்சிகைகளைத் தேடித்தேடி வாங்குவார். ஆம்பிளைக் கோட்டுப் போட்டு மெதுவாகப் பாடும் ஒரு பெண்ணின் பழைய இசைத்தட்டு இருந்தது. "இவ பொம்பிளைக்குத்தான் பாடுறா, வடிவாக் கேளும்" என்றார். எழுபதுகளின் நடனப் பாட்டு ஒன்று. பாடியவள் கறுப்பினப் பெண். "அங்கத்தை எங்களை மாதிரி ஆக்களுக்கு இது தேசிய கீதம்" என்றார். கண்ணுக்கு மையும் உதட்டுக்குச் சாயமும் பூசிய பையன்கள் மெஷினில் மேளம் அடித்துப் பாடிய எண்பதுகளின் பாட்டுகளும் இருந்தன. தமிழ்ப் படத்தில் ஆம்பிளைகள் சேலை கட்டி ஆடும் பாட்டுகளைக்கூட விடமாட்டார். "படம் எடுத்த ஆக்கள் சிரிக்கிறதுக்கெண்டு எடுத்தவை. பாடினவன் சிரிக்கேல்லை." நான் அந்தப் பாட்டுகளை அதற்குமுன் நூறு தடவை கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவர் சொன்ன பிறகு சரியாகச் சிரிப்பு வரவில்லை.

'எங்களை மாதிரி ஆக்கள்' என்று அவர் சொன்னது யாழ்ப்பாணத்து ஆட்களை என்றுதான் நான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்திக் கூர்மையின் அளவு அவ்வளவு.

ரஞ்சித் ஐயாவைப் பார்த்துப் பார்த்துத்தான் விளங்கியது. கண்டி ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கும் சிங்களவர். பின்னேரம் வேலை முடிந்ததும் வெள்ளைச் சீருடையோடு கடைக்கு வந்து மூலைக் கதிரையில் உட்காருவார். கடை மூடியதும் இரண்டு பேரும் ஒன்றாக ரயிலேறிக் கடுகண்ணாவைக்குப் போவார்கள். அங்கே ரஞ்சித் ஐயாவுக்குச் சொந்த வீடு. எண்பத்து மூன்றில் சபேசன் அண்ணனை ஒன்பது நாள் அந்த வீட்டின் பின்னறையில் ஒளித்து வைத்திருந்தார். பத்தாவது நாள் ஊர் அடங்கியது. சபேசன் அண்ணன் முன்பு வாடகைக்குத் தங்கியிருந்த அறைக்குத் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

ரஞ்சித் ஐயா தமிழ் படித்தது முழுக்கப் பழைய சினிமாப் பாட்டில். ஆகவே அவர் வாயில் வருவது எல்லாம் செந்தமிழ். என்னைக் கண்டால் "மங்கையே, நலமா?" என்பார். சபேசன் அண்ணன் கடையில் இல்லாவிட்டால் "எங்கே சென்றார்? இன்னும் வரவில்லையே" என்று உருகுவார். சபேசன் அண்ணன் டொய்லட்டுக்குத்தான் போயிருப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையில் எழுத்துப் பிழை விடுவேன்.

நாளாக ஆகச் சிலர் பட்டியல் இல்லாமலே வரத் தொடங்கினார்கள். வத்தேகமவிலிருந்து ஒரு சலூன்காரர், ஒரு தோட்டத்துக் கிளார்க், வகுப்புக்குப் போகும் வழியில் இரண்டு பிள்ளைகள், கையைக் கோத்தபடி. பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து, "அண்ணே, அந்தக் கடைசிப் பாட்டு மாதிரி முழுக்கப் போட்டுத் தாங்க" என்பார்கள். சபேசன் அண்ணன் மூன்று மொழியிலும் பொறுக்கி ஒரு கசெட் முழுக்க ஏற்றுவார். அட்டையில் பாட்டுப் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் யாராவது வாசித்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் கரைச்சல். அப்படியானால் என்ன எழுதுவது? 'பலவகை' என்று எழுதலாம் என்றேன். பலவகை ஒன்று, பலவகை இரண்டு. எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்ட மிகச் சில யோசனைகளில் அது ஒன்று.

அந்த யோசனைதான் வினையாக வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் குண்டுப் பயம் உச்சத்தில் இருந்த ஒரு காலை. ரஞ்சித் ஐயா வேளைக்கே வேலைக்குப் போய்விட்டதால் சபேசன் அண்ணன் தனியே பஸ்ஸில் வந்திருக்கிறார். பையில் சலூன்காரருக்குக் கொடுக்க வேண்டிய கசெட். இறங்கியதும் செக்கிங். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. தமிழெழுத்தில் ஒரு கசெட். பாட்டுப் பெயர் ஒன்றும் இல்லை, 'பலவகை 7' என்று மட்டும். புலிகள் இயக்கத்துப் பாட்டு என்று முடிவுகட்ட வேறென்ன வேண்டும்? பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நாட்களில் இப்படிச் சந்தேகத்தில் பிடித்தவரைக் கொழும்புக்கு அனுப்பினால் அவர் எப்போது திரும்பி வருவார் என்று யாருக்கும் தெரியாது. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, அதை எழுதிய கை என்னுடையது என்பதுதான்.

ரயில் ஸ்டேஷனுக்கு ஓடி ரஞ்சித் ஐயாவைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். சபேசன் அண்ணன் ஒரு வாங்குப் பலகையில் நேராக உட்கார்ந்திருந்தார். மேசையில் கசெட் போடும் ஒரு ரேடியோ. எழுதியது நான்தான் என்று சார்ஜன்டிடம் சிங்களத்தில் சொன்னேன். 'பலவகை' என்றால் என்ன என்று கேட்டார். பல மாதிரிப் பாட்டு என்றேன். "கேட்டுப் பார்ப்போம்" என்று கசெட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.

முதலில் வந்தது கோட்டுப் போட்ட அந்தப் பெண். நடுவில் ஓர் இயக்கப் பாட்டு ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் அவர்கள் எதையும் வேகமாக ஓட்டித் தாண்டவில்லை. நாற்பத்தைந்து நிமிடமும், ஒரு பக்கம் முழுக்க, சார்ஜன்டும் மூன்று கான்ஸ்டபிள்களும் கவனமாகக் கேட்டார்கள். உலகத்தில் அந்தப் பாட்டுகளை அவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தமிழும் இங்கிலீஷும் வரும்போது நான் மொழிபெயர்க்க வேண்டும்.

"என்ன சொல்றான்?"

"காதல் பாட்டு, சேர்."

"இது?"

"இதுவும் காதல்தான், சேர்."

"யாரைக் காதலிக்கிறான்?"

என் பள்ளிக்கூட இங்கிலீஷ் அங்கே என்னைக் கைவிட்டது. "அவருக்குப் பிடிச்ச ஆள, சேர்" என்றேன். பொய்யில்லை.

அந்தத் தேசிய கீதம் வந்தபோது ஒரு கான்ஸ்டபிளின் சப்பாத்து தாளம் போடத் தொடங்கியது. சார்ஜன்ட் திரும்பிப் பார்த்தார். சப்பாத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் சார்ஜன்டின் பேனை மேசையில் தட்டியது. பக்கம் முடிந்தது, இயக்கமும் இல்லை, துவக்குச் சத்தமும் இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆனால் அவர் விட்டுவிடவில்லை. தமிழர்கள் தங்கும் வீடுகளில் பொலிஸ் பதிவு இருக்க வேண்டும்; கடுகண்ணாவை வீட்டில் இவரை ஏன் பதியவில்லை என்று ஒரு படிவத்தை எடுத்தார். பதிவு இல்லையென்றால் விடமுடியாது. எழுத்து அழகாக இருக்கிறதென்று என்னையே நிரப்பச் சொன்னார். பெயர், வயது, சொந்த ஊர் எல்லாம் எழுதினேன். பிறகு 'வீட்டுக்காரருக்கு என்ன உறவு' என்ற கட்டம் வந்தது.

"வாடகைக்கு இருக்கிறன் எண்டு எழுதும் பிள்ளை" என்றார் சபேசன் அண்ணன் மெதுவாக. அதுதான் புத்தி. ஆனால் வாடகைக்கு இருந்த வடக்கு ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி வீட்டுக்காரர்களை நெருக்கிக்கொண்டிருந்த மாதம் அது. சொந்தக்காரர் என்று எழுதவும் வழியில்லை. சிங்கள வீட்டில் யாழ்ப்பாணத்துச் சொந்தமா? நான் பேனையைத் தூக்கியபடி இருந்தேன்.

ரஞ்சித் ஐயா எழுந்து வந்து மேசையில் கையை ஊன்றினார். என்னிடம் தமிழில், அவருக்குத் தெரிந்த ஒரே தமிழில், "இவர் என் உயிர், மங்கையே" என்றார். பகடி இல்லை. அந்தச் சொல்லுக்கு வீட்டுத் தமிழில் வேறு சொல் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சபேசன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சார்ஜன்ட், "என்ன சொல்கிறார்?" என்றார் என்னிடம்.

நான் கட்டத்தில் சிங்களத்தில் எழுதினேன்: வீட்டு ஆள்.

சார்ஜன்ட் வாசித்தார். "இப்படி ஒரு உறவு இந்தப் படிவத்தில் இல்லையே" என்றார்.

"பன்னிரண்டு வருஷமா எங்க வீட்டுலதான் சாப்பிடுறார், படுக்கிறார்" என்றார் ரஞ்சித் ஐயா சிங்களத்தில். "காய்ச்சல் வந்தா நான் பார்க்கிறேன், எனக்கு வந்தா அவர் பார்க்கிறார். உங்க வீட்டுல அப்படி ஒருத்தரை என்னன்னு சொல்வீங்க?"

சார்ஜன்ட் அவரைப் பார்த்தார், வாங்கிலிருந்தவரைப் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது. முத்திரையை எடுத்துக் குத்தி, பிரதி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். கசெட்டைத் திருப்பித் தரவில்லை. மற்றப் பக்கமும் பரிசோதிக்க வேண்டுமாம்.

சலூன்காரருக்கு அன்று பின்னேரமே இன்னொரு பலவகை ஏழு பதிந்தோம். அட்டையில் இந்த முறை பாட்டுப் பெயர்கள் போலப் பத்துப் பூக்களின் பெயரை எழுதினேன். அதன் பிறகும் பல வருடம் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில் போனார்கள். நான் அந்தக் கடையில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். யுத்த காலத்தில் அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

இப்போது அந்த மாடியில் போன் கவர் விற்கிறார்கள். கசெட்டுகளில் பூஞ்சணம் ஏறிவிட்டது. ரஞ்சித் ஐயா போன வருடம் படுக்கையிலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். வீட்டை அவருடைய தங்கை பிள்ளைகள் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள், சபேசன் மாமா இருக்கட்டும் என்றுவிட்டார்கள்.

உள்ளி உரித்த அந்த ஞாயிறு பின்னேரமே நித்யாவைக் கூட்டிக்கொண்டு கடுகண்ணாவைக்குப் போனேன். சபேசன் அண்ணன் போனைக் காதில் வைத்துப் பட்டியல் முழுவதையும் கேட்டார். "எல்லாம் சரி, ஒரு தமிழ்ப் பாட்டும் இல்லையே பிள்ளை" என்று குறைப்பட்டார். பிறகு, வாக்காளர் பட்டியலைத் திருத்தக் கிராம சேவகர் வந்த கதையைச் சொன்னார். எவ்வளவு காலமாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். அலுமாரி முழுக்கத் தேடியும் அந்தப் பொலிஸ் பிரதியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

"சந்தேகப்பட்ட பொலிசுக்காரர்தான் எங்கள் ரெண்டு பேரையும் ஒரு வீடெண்டு எழுதித் தந்தவை. வேறை ஒருத்தரும் எழுதேல்லை."

கிராம சேவகர் அதை வாசித்துப் பார்த்து, தலையாட்டிவிட்டு, ரஞ்சித் ஐயாவின் பெயரை வெட்டிப் பட்டியலைத் திருத்தினாராம். இப்போது அந்த வீட்டு இலக்கத்துக்கு நேரே சபேசன் அண்ணனின் ஒரு பெயர்தான் இருக்கிறது.