வாப்பாவின் பெருவிரல்

சுனாமிக்குப் பிறகு எங்கள் சாய்ந்தமருதில் மீனை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடலோடு போனவர்களை அது தின்றிருக்கும் என்று பேச்சு. வாப்பா மீன்பிடிக்கிறவர், அவரே மாட்டிறைச்சியும் ஈரலுமாக வெளுத்துக்கட்டினார்.

அப்போதுதான் நிவாரணத்தில் அவருக்குப் புதுத் தோணி கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து துஆ ஓதிக் கடலில் இறக்க ஏற்பாடு. இறக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அன்று விடிந்தபோது வாப்பாவின் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. உடுத்திருந்த சாரம் உரசினாலே அலறினார்.

சுனாமி இடிபாட்டு ஆணி ஏறியிருக்கும் என்று உம்மா மஞ்சள் வைத்துக் கட்டினார். வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, வாசலில் நின்றே அண்ணனைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்.

"காக்காக்குக் காலுல ஒண்டுமில்ல. கடலுக்குப் பயம்."

மதியத்துக்குள் தெரு முழுக்க அதே கதை. வாப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்ற என் வகுப்புக்காரி ஒருத்தியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் நான் வீடு வந்தேன்.

கல்முனை டொக்டர் மூட்டிலிருந்து ஒரு துளி நீரெடுத்துப் பரிசோதித்தார். இறைச்சியாலும் ஈரலாலும் யூரிக் அமிலம் கூடி, ஊசி ஊசியான படிகங்களாக அங்கே தங்கிவிட்டதாம். வெள்ளையணுக்கள் அவற்றை விழுங்கும். செரிக்க முடியாமல் வெடித்து, இன்னும் அணுக்களைக் கூப்பிடும். அந்தக் கூட்டம்தான் வீக்கம். ஒரு வெடிச்சத்தத்துக்கு இராணுவ முகாமே தெருவில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உடனே விளங்கியது.

"ஆணியுமில்ல, பயமுமில்ல! டொக்டரே செல்லிட்டாங்க!" என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு ஓடினேன்.

டொக்டரின் கடிதத்தைப் பார்த்து நிவாரணக்காரர்கள் ஒரு வாரம் தவணை தந்தார்கள். இறைச்சி நின்றது, டொக்டர் தந்த குளிசை வேலை செய்தது. அடுத்த வெள்ளி துஆ முடிந்து எல்லோரும் தோணியைத் தள்ளினார்கள். முழங்கால் தண்ணீரில் வாப்பா விளிம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"நோகுதா வாப்பா?" என்றேன்.

"ஓம் புள்ள, கொஞ்சம்" என்றவர், பிஸ்மில்லாஹ் சொல்லித் தாவி ஏறினார்.

தோணி நிறைய மீனோடு திரும்பினார். அன்று எங்கள் அடுப்பில் மீன்குழம்பு கொதித்தது. முதல் கோப்பையை நானே சாச்சாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். என்ன பெருமை எனக்கு!

இன்று நான் ஆய்வுகூடத்தில் அதே படிகங்களை நுண்ணோக்கியில் பார்க்கிறேன். வீக்கம் வடிந்தாலும் அவை உடனே போய்விடுவதில்லை. கூடிய கூட்டம் கலைகிறது, அவ்வளவுதான். சாச்சா சொன்ன பயமும் உண்மை என்று அன்று எனக்குத் தெரியாது. அலை முன்னால் வாப்பாவுக்கு நொந்தது விரல் மட்டுமல்ல. அந்தப் பயத்தையும் ஏற்றிக்கொண்டுதான் என் வாப்பா கடலுக்குப் போனார்.