அக்கா போட்ட சாட்சிக் கையெழுத்து

அப்பா உயில் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்த பிறகு. கிழக்குத் தாம்பரத்தில் இரண்டு அறையும் ஒரு கிணறுமாக எங்கள் வீடு. அம்மா போனபின் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் அக்கா. பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அண்ணன் வடக்கே வேலையில் இருந்தான். கடிதத்துக்குக் கடிதம் 'என் பங்கு' என்று எழுதுவான். அவனுக்கும் எனக்கும் படிப்பைக் கொடுத்தாயிற்று, வீடு மகளுக்கு என்று அப்பா ஒரே பக்கத்தில் எழுதி முடித்தார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். கோயில் உபதேசியார் போட்டார். எதிர்வீட்டு சார் ஊரில் இல்லை. நானே போட்டிருக்கலாம். "டீச்சர் கையெழுத்துக்குத்தான் மதிப்பு, நீ போடு அக்கா" என்று கிண்டலடித்து அவளைக் கூப்பிட்டேன். எங்கள் கோயிலில் ஞானஸ்நானமானாலும் கல்யாணமானாலும் ரிஜிஸ்டரில் வீட்டாரே சாட்சி போடுவார்கள். யாருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. பட்டணத்தில் குமாஸ்தா என்பதால் காகித விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு வேறு. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முத்து முத்தாகப் போட்டாள்.

அடுத்த வருஷம் மின்சார ரயிலில், தினமும் கூட வரும் வக்கீல் ஒருவரிடம், எங்கள் வீட்டில் எல்லாம் எழுதி வைத்தாயிற்று என்று பெருமையடித்தேன். சாட்சி யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"இந்துக்கள்னா பரவாயில்லை சார். கிறிஸ்தவங்களுக்கு சட்டம் வேற. சாட்சி போட்டவங்களுக்கே எழுதி வச்சா அது செல்லாது. வீடு மூணு பேருக்கும் சமமாப் பிரிஞ்சிடும்."

"இப்ப என்ன சார் பண்றது?"

"அப்பா நல்லாத்தானே இருக்கார்? புதுசா ஒண்ணு எழுதச் சொல்லுங்க. சம்பந்தமில்லாத ரெண்டு பேர் போடட்டும். இந்த வாரமே முடிச்சிடுங்க."

அன்றே அப்பாவிடம் சொல்லிவிட நினைத்தேன். ஆனாலும் அந்த வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. நன்றாக நடமாடுகிற மனிதரிடம் போய் உயிலை மறுபடி எழுதுங்கள் என்றால், சாகச் சொல்லி அவசரப்படுத்துவது போல் இருக்காதா? ஒரு ஞாயிறு கோயிலில் அறுப்பின் பண்டிகை. அடுத்த ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள், வெள்ளிக்கிழமை காலையில், அப்பா கிணற்றடியில் விழுந்தார். வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது.

அக்காவிடம் அன்றுதான் விஷயத்தைச் சொன்னேன். "நான் போட்டதாலயா?" என்று மட்டும் கேட்டாள். போடச் சொன்னவன் நான் என்பதை அவள் நினைவுபடுத்தவே இல்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

 வக்கீல் வீட்டுக்கு ஓடிப் புதிய உயிலை எழுதி வாங்கினேன். இடது கைப் பெருவிரல் ரேகை போதும், ஆனால் புரிந்துதான் வைக்கிறார் என்று டாக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். டாக்டரையும் எதிர்வீட்டு சாரையும் கையோடு அழைத்து வந்தேன்.

டாக்டர் கட்டிலருகே குனிந்தார். "ஐயா, இந்த வீடு யாருக்கு? பார்த்துக் காட்டுங்க, போதும்."

அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில்தான் நின்றாள்.

"அப்பா, அக்காவைப் பாருங்கப்பா. ஒரே ஒரு தடவை."

கர்த்தரிடம் கெஞ்சினேன், அப்புறம் அவரோடு சண்டை போட்டேன். அப்பாவின் கண் அசையவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவர் கட்டை விரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினேன். அதைக் காகிதத்துக்குக் கொண்டுபோவதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடா. அப்பாவுக்கு வலிக்குது."

டாக்டர் பேனாவை மூடினார். இரண்டு நாள் போகட்டும், பார்க்கலாம் என்றார். அப்பா மறுநாளே போய்விட்டார். சவப்பெட்டியில் வைக்கும்போதும் அந்த விரலில் மை இருந்தது.

அண்ணனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கரையேற்ற வேண்டிய பெண்கள் அவனுக்கும் இருந்தார்கள். என் பங்கை அக்காவுக்கே விட்டுக்கொடுத்தேன்; அண்ணன் பங்கை வாங்க எங்கள் இருவருக்கும் வக்கில்லை. வீட்டை விற்றோம். அவள் கைக்கு வந்த பணத்தில் வேறு வீடு அமையவில்லை. பீர்க்கன்கரணையில் ஓர் ஒற்றை அறை வாடகைக்குப் பார்த்து அவளைக் குடிவைத்தேன்.

வீட்டை விற்ற அன்று ரிஜிஸ்திரார் ஆபீசில் அண்ணன் கையெழுத்துப் போட்டான், நான் போட்டேன். அங்கிருந்த குமாஸ்தா பத்திரத்தை அக்கா பக்கம் தள்ளி, போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அக்கா பேனாவை எடுத்தாள். காகிதத்துக்கு மேலேயே கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குத்தல் ஏதும் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"இங்க நான் போடலாமாடா?"