பாலிஷ் போட்ட பித்தளை

மொன்றியலை அடுத்த கர்க்லாண்டில் யார் வீட்டுக் கல்யாணத்தில் மூக்குத்தி தொலைந்தாலும் அனுசூயாவைத்தான் கூப்பிடுவார்கள், உலோகம் கண்டால் கத்தும் கருவியோடு. சுரங்கக் கம்பெனிக்குத் தாது தேடியவள். அவர்கள் வேலையை விட்டு அனுப்பியதும் பழைய போர்க்களங்களில் உலோகம் தேடப் போனாள். இருந்தால் உண்டு என்பாள், இல்லாவிட்டால் இல்லை என்பாள். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு யாரிடம் நல்ல பெயர் வாங்குவது?

மொன்றியல் டாங்கிப்படைக் கிழவர்களிடம் வாங்க முடியவில்லை. 1944இல் நார்மண்டியில், ஒரு கல்சுவருக்குப் பின்னால் நின்று ஜெர்மன் டாங்கிகளை நொறுக்கியது தாங்களே என்பது அவர்கள் கட்சி. தோப்பில் நின்ற ஆங்கிலேயரே நொறுக்கினார்கள் என்பது எதிர்க்கட்சி. ஐம்பதாம் ஆண்டு நினைவுக்கல்லில் யார் பெயர் என்பது அனுசூயாவின் அறிக்கையைப் பொறுத்து இருந்தது. சுட்ட டாங்கி காலியான பித்தளைக் குண்டு உறைகளை வெளியே வீசும். தோப்பில் உறைகள் கிடைத்தன. சுவரடியில் ஆணிகூட இல்லை.

கிழவர்களின் மன்றத்தில் இதைச் சொன்னாள். யுத்தத்தின்போது நீ பிறந்திருக்கவேயில்லையே என்றார் தலைவர் ஃபோர்த்தியே. அவள் கண்ணோ மேசைகளில் இருந்த பூச்சாடிகள்மேல். அத்தனையும் பீரங்கி உறைகள். ஆண்டுதோறும் யாத்திரை போய், சுவரடியில் ஆளுக்கொன்றாகத் தோண்டிக் கொண்டுவந்தார்களாம்.

காரில் கணவர் பாலசந்திரன் சிபாரிசுக்கு வந்தார். "அங்க எடுத்ததுன்னு சொல்றாங்கல்ல, எழுதிக் குடுத்துடேன்."

"மண்ணுல இருந்தா சாட்சி. மேசையில இருந்தா பூச்சாடி."

"பாவம், வயசானவங்க."

"ஆமா, உங்களுக்கு பியர் வாங்கிக் குடுத்தாங்கல்ல."

ஃபோர்த்தியே மறுசோதனை கேட்டு வாங்கினார். வசந்தத்தில் அதே சுவரடியில் கருவி அலறியது. ஒரு சாண் ஆழத்தில் உறைகள், அணிவகுப்புப்போல் சீரான இடைவெளியில். ஃபோர்த்தியே கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அனுசூயா ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்தாள். அவள் முகம் அதில் தெரிந்தது. கிழவர்களுடையவை ராணுவத்தில் வளர்ந்த கைகள். புதைப்பதற்குமுன் பாலிஷ் போடாமல் இருக்க அவற்றால் முடியவில்லை.

கல்லில் ஆங்கிலேயர் பெயர் ஏறியது. உறைகளைத் தன் நிலத்தில் கிடைத்தவை என்று சுவருக்குச் சொந்தக்காரர் வைத்துக்கொண்டார்.

"நாங்கள்தான் சுட்டோம்," என்றார் ஃபோர்த்தியே, பஸ்ஸில் ஏறும்போது.

"தெரியும்," என்றாள் அனுசூயா. அறிக்கையில் அதை அவள் எழுதவில்லை.