இரண்டு வாசல் உள்ள புகை

காற்று வாரியத்தில் அவளுக்கு மூக்கு மேடம் என்று பெயர். அலுவலக மொட்டைமாடியில் நிற்கிற காற்றுமானிக்கு அவள்தான் பொறுப்பு. தினமும் காலையில் ஏறிப்போய், அதற்குள்ளிருக்கும் வட்டமான வெள்ளை வடிதாளை இடுக்கியால் எடுப்பாள். புதுத்தாள் வைத்துவிட்டு, பழையதைத் தராசில் நிறுத்துத் தூசின் எடையைக் கணினியில் ஏற்றுவாள். அதற்கும் முன்னால் ஒருதரம் முகர்ந்து பார்த்து, "இன்னிக்கும் டயர்தான்" என்பாள். பெயர் வந்த கதை அதுதான்.

அவள் கணவன் தையல்காரன். தைத்த வெள்ளைச் சட்டைகளைக் கடைவாசலில் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் புள்ளி புள்ளியாய்க் கரி.

"ஊர்க்காத்தையெல்லாம் நிறுத்துப் பாக்கிற. என் ஒரு சட்டையைக் காப்பாத்த முடியலையே!"

"நிறுக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நிறுத்துறதுக்கு இல்ல" என்று வாயடைப்பாள். மனசு மட்டும் உறுத்தும்.

நாற்றம் வந்தது எல்லையிலிருந்து. எல்லைக்கல்லை ஒட்டி இந்தப் பக்கம் ஒரு டயர் உருக்கும் கொட்டகை, அந்தப் பக்கம் ஒரு கொட்டகை. அந்தப் பக்கம் வேறு அரசு, வேறு வாரியம். இங்கிருந்து அதிகாரிகள் சோதனைக்குப் போனால், எப்படியோ சேதி முன்னாலேயே போய், இந்தப் பக்கத்து உலை சில்லிட்டுக் கிடக்கும். 'புகை உங்களுடையது' என்று கடிதம் போடுவார்கள். 'எங்கள் உலையும் அணைந்துதான் கிடந்தது, புகை உங்களுடையதே' என்று பதில் வரும். நாலு வருஷம் இப்படியே பந்து உருண்டது.

கடைசியில் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. இனி இரு பக்கத்து அளவுகளும், சோதனைத் தேதிகளும் ஒரே பட்டியலில் வரவேண்டும். அதைச் சேர்த்து எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது. எதிர்ப்பக்கத்துக் காற்றுமானியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் தொலைபேசியில் இடிமுழக்கக் குரலில் பேசினார்.

"மேடம், உங்க மெஷின் ஜாஸ்தியாக் காட்டுதே, தட்டிப் பாத்தீங்களா?"

"சார், உங்க மெஷின் முழிச்சிருக்கான்னு மொதல்ல பாருங்க!"

ஒரு வாரம் சண்டையிலேயே போயிற்று. அடுத்த வாரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று ஃபோனை எடுத்தாள்.

"சார், எங்க ஆளுங்க போன அன்னிக்கும் புகை குறையல. உங்க ஆளுங்க போன அன்னிக்கும் குறையல. ஆனா ரெண்டு பேரும் ஒரே நாள்ல போனதே இல்ல!"

அந்தப் பக்கம் அவர் தேதிகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பிறகு, "அடப்பாவி! இங்க அணைச்சா இங்கத்து டயரையும் சேர்த்து அங்க எரிப்பானா?" என்றார்.

அவள் போய்ச் சொன்னதும் அவளுடைய வாரியத்து இயக்குநர் தலையைச் சொறிந்தார். "சேர்ந்து போறதுக்கு ரெண்டு பக்கமும் உத்தரவு வேணுமேம்மா."

"அதுக்குத்தானே சார் ஒப்பந்தம் போட்டது?"

புதன்கிழமை பதினோரு மணிக்கு, சேதி எதுவும் கசியாமல், இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் வண்டிகள் நின்றன. அவளும் இரண்டு அதிகாரிகளும் இந்தப் பக்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். உலை தகதகவென்று எரிந்தது. ஆட்கள் அவசர அவசரமாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, டயர் வண்டியைப் பின்கதவு வழியாக அடுத்த கொட்டகைக்குத் தள்ளினார்கள். அங்கிருந்தவர்களோ தங்கள் டயர் வண்டியை இங்கே தள்ளினார்கள். இரண்டு வண்டிகளும் கதவில் முட்டி, அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டன. நடுவில் இரண்டு கொட்டகைக்கும் ஒரே முதலாளி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஒரே நேரத்துல ரெண்டு பேரும் வந்தா நான் எங்கங்க போவேன்?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

சிரிக்கக்கூடாது என்று அவள் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

டயர்களுக்குப் பின்னாலிருந்து ஒல்லியாக, குள்ளமாக ஒருவர் எட்டிப் பார்த்தார். "நீங்கதான் மேடமா?" குரல் மட்டும் அதே இடி.

"அந்தக் குரல் இவ்வளவு சின்ன உடம்புக்குள்ளயா இருக்கு?" என்றுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொள்ள, அவரும் சிரித்துவிட்டார்.

அன்றைக்கே இரண்டு கொட்டகைகளுக்கும் சீல் விழுந்தது. நடுவிலிருந்த அந்தப் பின்கதவுக்கு மட்டும் வாரியத்துக்கு ஒன்றாக இரண்டு பூட்டு. யாருடையது மேலே என்று அதிகாரிகள் கால்மணி நேரம் வாதாடினார்கள்.

பத்து நாள் கழித்து எடுத்த வடிதாளில் பழைய கறுப்பில் பாதிதான் இருந்தது. அவள் ஃபோன் போட்டாள்.

"அண்ணே, அடுத்து செங்கல் சூளை. எங்க பக்கம் பன்னெண்டு."

"எங்க பக்கம் ஒன்பதுதாம்மா."

"நல்லா எண்ணுங்கண்ணே."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "சரி, பதினாலு. எந்தக் கிழமை போகலாம்?"