செல்வியின் தம்ளர்

"வீட்டைச் சினிமாவுக்கு விட்டா சுவத்துல ஆணி அடிப்பான், அது போவட்டும், ஆனா..." என்று பெரியப்பா ஒரு தடவை ஆரம்பித்தார். 'ஆனா'வுக்குப் பிறகு என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து செம்பாக்கத்துக்குத் திரும்பிய பிறகு, வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுவதுதான் என் தொழில். ஹாலை அந்நியர்களிடம் கொடுத்துவிட்டுச் சொந்த வீட்டில் ஒண்டியிருந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கடைசியாக வந்தது ஒரு சிரிப்புப் படம். வீட்டுக்கார அம்மாவும் வேலைக்காரப் பெண்ணும் கணவனைக் கொன்றுவிட்டு, பிணத்தை ஒளிக்க அல்லாடுகிறார்கள். பம்மலிலிருந்து வந்து எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியிடம், வேலைக்காரப் பெண் காட்சிகளைப் பற்றி டைரக்டர் சந்தேகம் கேட்கத் தொடங்கினார். கதாநாயகியோ, "எங்க வீட்டுக்கே வேலைக்கு வந்துடுங்கக்கா" என்றார். "நாளிக்கு சொல்றேம்மா" என்றார் செல்வி. ஆபீஸ் கிளம்பிய என் மனைவி வாசலிலேயே நின்று சொன்னாள்: "செல்வி போயிட்டா பாத்திரம் உங்க பொறுப்பு."

பிணம்

ஹாலில் பிணம் போன் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழ வேண்டும். தரையெல்லாம் செயற்கை ரத்தம். டைரக்டர் செல்வியைப் பார்த்து, "சரியா இருக்காக்கா?" என்றார்.

"அழுவறத அந்தம்மா பாத்துக்கும். தொடைக்கிறது யாருன்னு சொல்லு சார்."

கிழிசல்

வேலைக்காரியாக நடித்த பெண்ணுக்குத் தோளில் கிழிந்த புடவை. இஸ்திரி போட்ட புடவையில் நின்ற செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது? நாங்க வூட்டு வேலைக்கு வர்றோம், பிச்சைக்கா வர்றோம்?"

தம்ளர்

வேலைக்காரிக்கென்று தனியாக வைத்த தம்ளர் ஒன்று வேண்டும் என்றார்கள். "எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

செல்வி பின்பக்கம் போனார். வாஷிங் மெஷினுக்கு மேல் இருக்கும் அலமாரியிலிருந்து, அடியில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு வைத்த எவர்சில்வர் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்குத் தெரிந்த தம்ளர்தான். சில நாள் ஷேவிங் பிரஷ்ஷை அதில்தான் போட்டு வைப்பேன்.

"பிரஷ் கீற அன்னிக்கு நான் டீ குடிக்கிறதில்ல சார்."

அந்தத் தம்ளரைப் படக் கம்பெனியிடமே கொடுத்துவிட்டேன். மறுநாளும் செல்வி வந்தார். காலை டீயை இனி செல்வியையும் சேர்த்து மூன்று பேருக்கும் ஒரே செட் தம்ளரில் நானே போடுவது, அந்த மூன்றையும் நானே கழுவுவது என்று முடிவு செய்தேன்.